முதல் பாகம் மட்டும்

பட்டின சபை நூலகம் என்பது சந்தைக்குப் பக்கத்தில் இருந்த நீளமான ஒரே ஓர் அறை. சுதந்திரம் வந்த கையோடு சீமைக்குத் திரும்பிய தொரைமார் விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகங்கள் மூன்று சுவர்களை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. தமிழுக்கு ஒரே ஓர் அலுமாரி. கண்ணாடிக் கதவு, சாவி நூலகரிடம். அந்த அலுமாரிக்காகத்தான் நான் மலை இறங்கி நடந்தேன்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக, டவுனில் வரி கட்டும் ஒருவர் பிணை நிற்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்களுக்கு டவுன் வரியும் இல்லை, ஓட்டும் இல்லை. வெளிநாட்டிலிருந்து கூலிகளாக வந்தவர்கள் என்று சொல்லி, இருந்த ஓட்டையும் பறித்துவிட்டார்கள். அண்ணன் தனக்குத் தெரிந்த தையல்காரரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தான். "ஒரு தாள் கெட்டுப்போனாலும் நா வெலகிக்குவேன், பாத்துக்க" என்றார் அவர்.

நூலகத்துக்கு ஞாயிறு விடுமுறை. எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. என்ன பொருத்தம் பாருங்கள்! அரைநாள் கொழுந்து பறித்து, அரைப்பேர் சம்பளம் போதுமென்று ஓடினால்தான் பூட்டுவதற்குள் போய்ச் சேரலாம். கங்காணி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும் என்று போவேன்.

அப்படி எடுத்துவந்த கதை ஒன்று, இரண்டு பாகம். புருஷன் வீட்டில் துரத்திவிட்ட ஒருத்தி தாய்வீட்டுக்குப் புறப்படுகிறாள்; போய்ச் சேர்வதற்குள் முதல் பாகம் முடிந்துவிடுகிறது. வேலை விட்டு வந்து அடுப்படியில் நான் வாசிக்க, அண்ணனும் அண்ணியும் கேட்பார்கள். அண்ணிக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதையில் வந்த மாமியாரை அவள் திட்டிய திட்டைக் கேட்டிருந்தால், எழுதியவர் பேனாவைக் கீழே வைத்திருப்பார். "ரெண்டாம் பாகத்த சீக்கிரம் எடுத்தாந்துரு புள்ள. அவ வீடு போய் சேந்தாளான்னு தெரியாம எனக்கு தூக்கமே புடிக்கல" என்பாள்.

திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்கியபோது பேய்மழை. லயத்துக் கூரைத் தகரம் ஒழுகி, துணி சுற்றித் தலைமாட்டில் வைத்திருந்த புத்தகம் ஊறிப்போய்விட்டது. அந்த ஓட்டையைப் பற்றித் தோட்டத்து ஆபீசில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். தையல்காரர் விலகிவிடுவார், அதோடு அலுமாரியும் போய்விடும். அடுப்பில் காட்டினால் புகை ஏறும், தாள் கருகும். வெயிலைக் கண்டு பல நாளாகியிருந்தது.

அண்ணனுக்குத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டோர் என்போம், தூளைச் சூடு காட்டி உலர்த்தும் மெஷினில் வேலை. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்று, தலைக்கு எண்ணெய் தடவி வந்தவனைக்கூட ஸ்டோர் அதிகாரியான டீமேக்கர் வெளியே அனுப்பிவிடுவார். ஈரப் புத்தகத்தோடு பிடிபட்டால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கும் காம்பராவும் போகும்.

"வேணாண்ணே."

"சும்மா கெட நீ" என்று புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டான். அன்று பகல் முழுவதும் நான் கொழுந்து பறிக்கவில்லை, கைக்கு வந்ததைப் பிய்த்தேன். கங்காணியின் ஏச்சு காதிலேயே ஏறவில்லை. அண்ணனோ மெஷின் மறைவில் வைத்து, ஆள் பார்க்காத நேரமாகத் தாளைப் புரட்டிப் புரட்டிக் காயவைத்திருக்கிறான். மாலையில் அவன் கொண்டுவந்தபோது புத்தகம் அப்பளம் போல மொரமொரவென்று இருந்தது. தாள்கள் நெளிந்திருந்தாலும் ஓர் எழுத்தும் அழியவில்லை. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் நூலகத்துக்கு ஓடினேன். நூலகர் யாழ்ப்பாணத்துக்காரர். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன பிள்ளை, புத்தகத்தில தேயிலை மணக்குது?" என்று சிரித்தார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரெண்டாம் பாகம் வேணுங்க" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "இனி டவுன் எல்லைக்கு வெளியில இருக்கிற ஆக்களுக்குப் புத்தகம் குடுக்கேலாது பிள்ளை. சபையில முடிவெடுத்திட்டினம். பிணை இருந்தாலும் சரிவராது. இஞ்சை இருந்து வாசியுங்கோ, அதுக்குத் தடையில்லை."

பூட்டுகிற நேரத்துக்கு மூச்சிரைக்க வந்து நிற்கிறவளிடம் சொல்கிறார்! கண்ணாடிக்குப் பின்னால், மேல்தட்டில், இரண்டாம் பாகம் இருந்தது. ஒரு கல்லை எடுத்து அந்தக் கண்ணாடியில் போடலாமா என்றுகூட வந்தது. அவரைச் சொல்லி என்ன செய்ய? என் முகத்தைப் பார்க்க மாட்டாமல் சாவியைத் தேடுவதுபோல மேசையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

லயத்து வாசலிலேயே நின்ற அண்ணி என் வெறுங்கையைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். உள்ளே இருந்த அண்ணன் எழுந்து வந்தான்.

"டவுன்காரங்க குடிக்கிற தண்ணி நம்ம மலையிலருந்துதான கொழாயில போவுது. அதுக்கு மட்டும் எல்லை கெடையாதாமா?"

அண்ணி என் முதுகைத் தடவி, "சரி விடு புள்ள. அவ வீடு போய் சேந்துட்டான்னே வச்சுக்குவோம்" என்றாள்.

எனக்கு அப்படி வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. அவளுக்கு என்ன ஆனது என்று ஒருவர் எழுதி, அதை அச்சடித்து, அலுமாரியிலும் வைத்தாகிவிட்டது. எங்களுக்கு மட்டும் அது தெரியக்கூடாது என்று சொல்ல இவர்கள் யார்?