கடைசி வரிசையில் என் வயலின்

சனிக்கிழமை காலை ஆறு ஐம்பது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது தங்கையின் வெறுங்கை. மறுநாள் மாலை அவளுக்கு நுவரெலியாவில் கச்சேரி. அக்கரப்பத்தனையிலிருந்து முதல் பஸ் பிடித்து, ஹட்டனில் என் வீட்டு வாசலில் வயலின் இல்லாமல் நின்றாள்.

"ஒன்னோடது எங்க?"

"வீட்லதான்க்கா. தகரத்த ராவுற மாதிரி கேக்குதாம். நல்லதா ஒன்னு கொண்டுவரச் சொல்லிட்டாரு."

"நல்லது ஹட்டன் கடையில தொங்குதா?"

"ஒன்கிட்ட இருக்கே."

சொன்னவர், கையில் குச்சியோடு முன்னால் நின்று கொழும்பில் மேற்கத்திய இசைக்குழு ஒன்றை நடத்துகிறவர். அவருடைய வயலின்காரர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் மலைநாட்டுக் கச்சேரிக்குக் கடைசி வரிசையில் ஒரு நாற்காலிக்கு உள்ளூரில் ஆள் தேடினார். போன மாதம் தேர்வுக்கு நானும் தங்கையும் போயிருந்தோம். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே டீச்சரிடம் கர்நாடக சங்கீதம் படித்தவர்கள். நன்றாக வாசிக்கிறவள் நான். இது என் கருத்து மட்டுமல்ல. அந்த டீச்சர், கோயில் திருவிழாவில் பாட வருகிறவர்கள், ஏன், தங்கையே சொல்வாள்.

ஆனால் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தே வளர்ந்த கை என்னுடையது. பாடுகிறவர் ஒரு வரியை எடுப்பார்; அது எங்கே போகிறது என்று காதில் வாங்கிய பிறகுதான் வில் நகரும். முந்திக்கொண்டால் மரியாதைக் குறைவு. தேர்வில் குச்சி இறங்கியது. பக்கத்து வயலின்கள் எழும்பிய பிறகு நான் எழும்பினேன். மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அப்படியே. "நீங்கள் நன்றாகக் கேட்கிறீர்கள்," என்றார் அவர் சிங்களத்தில். "இங்கே கேட்டால் தாமதம்." தங்கை கல்யாணமாகிப் போன வீட்டார் கத்தோலிக்கர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஒருவர் கையசைக்க, அதைப் பார்த்து வாசித்துப் பழகியவள். சுருதி அங்கங்கே பிசகியது. ஆனால் குச்சியோடு இறங்கினாள். நாற்காலி அவளுக்குப் போனது.

"நான் தரலன்னா?"

"கடைசியில ஒக்காந்து வில்ல சும்மா ஆட்டுவேன். அத ஒன் பேப்பர்ல எழுதிறாத."

பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அங்கேயே திறந்து, இசைக்குழுவின் முறைப்படி கம்பிகளின் சுருதியை மாற்றிச் சேர்த்தாள். மேல் கம்பியை அவள் முறுக்க முறுக்க, அது அறுந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அறவில்லை.

ஞாயிறு மாலை கச்சேரியைப் பற்றிச் செய்தி எழுத நுவரெலியா போய், பத்திரிகைக்காரர்களுக்குரிய ஓர நாற்காலியில் இருந்தேன். மண்டபத்தில் பாதி காலி. வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் நரைத்த தலைக்காரர்கள். கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். இது முடிந்துகொண்டிருக்கும் கலை என்று செய்தியின் முதல் வரியை மனதில் எழுதிவிட்டேன். அதை எழுதும்போது வருத்தம் எதுவும் இல்லை. பிறகு மண்டபத்தின் கடைசி வரிசையில் தேயிலைத் தோட்டத்துச் சனம் வந்து நிறைந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் தங்கையிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள். இசை நடுவில் ஓய்ந்தபோதெல்லாம் முடிந்துவிட்டதென்று கைதட்டினார்கள். முன்வரிசைக் கோட்டுகள் திரும்பிப் பார்த்தன. குச்சிக்காரர் சிரித்தார்.

நான் என் வயலினை மட்டும் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். தாடைப் பக்கம் கீறல் விழுந்த அந்த மரத்தின் குரல் எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும். கேட்கவில்லை. அத்தனை வயலின்களுக்கு நடுவே ஒன்று தனியாகக் கேட்க வேண்டுமானால் அது தவற வேண்டும். கடைசி வரை காத்திருந்தேன்.

வெளியே மூடுபனியில் அவள் ஓடி வந்தாள்.

"ஒன் வயலின் கேட்டுச்சாக்கா?"

"இல்ல."

"அப்ப சரியாத்தான் வாசிச்சிருக்கேன்."

இரண்டு நாள் கழித்து என் செய்தி பத்திரிகையில் வந்தது. இசைக்குழுக்களின் எதிர்காலம், ஆள் போதாமை, காலி நாற்காலிகள் எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தேன். காலையிலேயே தங்கை போன் செய்தாள்.

"'உள்ளூர்க் கலைஞர் ஒருவரும் கலந்துகொண்டார்'னு போட்டிருக்க. அந்த ஒருவருக்குப் பேரு கெடையாதா?"

"எடம் பத்தல."

"காலி நாற்காலிக்கு மட்டும் எடம் இருந்துச்சாக்கும்." கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுச் சொன்னாள். "அடுத்தது கொழும்புல. என்னையும் வரச் சொல்லிட்டாரு. எனக்குப் பக்கத்துல இருந்தவங்க மெல்பர்ன் போறாங்களாம், ஆளு வேணுமாம். நீயும் வர்றியா?"

"எதை வச்சு வாசிக்க?"

அவள் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் அவளுடைய பள்ளிக்கூட மணி அடித்தது; போனை வைத்துவிட்டாள்.

என் வயலின் இன்னும் அக்கரப்பத்தனையில், அவள் வீட்டில் இருக்கிறது.