முனிரத்தினம் வளர்த்த முடி

திருப்பதியில் டவுன் பஸ் ஏறினால் சந்தனம் மணக்காமல் இருக்காது. மலையிறங்கி வந்த குடும்பம் ஒன்று எப்படியும் உள்ளே இருக்கும். அப்பா, மாமா, கைக்குழந்தை என்று வரிசையாக மழித்த தலைகள், எல்லாவற்றிலும் பாதி காய்ந்த சந்தனம். ரயிலடிக்கு எதிரே ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுத்துக் காலம் தள்ளுகிறவன் நான். அந்த வாசனை எனக்கு எப்போதோ பழகியிருக்க வேண்டும். பழகவில்லை. மூக்கில் ஏறினதும் என் பால்ய நண்பன் முனிரத்தினம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறான்.

போன வாரம் அப்படித்தான் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது போனில் ஒரு மெயில் வந்தது. தீவு கேமின் இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறார்களாம். பழைய ரசிகர்கள் முன்போலவே கைகொடுத்தால் சீக்கிரம் முடித்துவிடுவார்களாம். ‘சீக்கிரம்’ என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் நின்ற மொட்டைத் தலைக்காரர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று முறைத்தார்.

தீவு கேம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அதன் இங்கிலீஷ் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை, அதனால் நாங்களே வைத்துக்கொண்ட பெயர் அது. எங்கள் ஊரான நகரியில் உரக்கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. செருப்பை வெளியில் விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கீழே யூரியா நெடி, மேலே ஊதுவத்தி. ஆயுத பூஜைக்கு வைத்த எலுமிச்சம்பழம் சி.பி.யு. மேலேயே வாடிக் கிடக்கும். டைப்பிங் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு நானும் முனிரத்தினமும் அங்கே போய் அந்த கேமை விளையாடினோம். யாரோ சென்னையில் நடைபாதையில் வாங்கி வந்த திருட்டு சிடி.

அதில் சுடுவது, குத்துவது ஒன்றும் கிடையாது. ஒரு போஸ்ட்மேன் ஒரு தீவில் வந்து இறங்குவான். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். மீன் முள், ஒற்றை பூட்ஸ், ஆட்டுக்குக் கட்டுகிற மணி. எதை எதோடு சேர்த்தால் எந்தக் கதவு திறக்கும் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். முனிரத்தினத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்கிற பழக்கமே இல்லை. அவனுடைய வழி வேறு.

“இருடா. அல்லாத்தையும் அல்லாத்து மேலயும் தேச்சினே இருந்தா எதனா ஒண்ணு தொறக்கும்.”

இன்றைக்கும் அவன் வாழ்க்கையை நடத்துகிற விதம் அதுதான். நின்றுபோன மிக்ஸியைச் செருப்பால் தட்டுவான், அதில் ஓடவில்லையென்றால் குழம்புக் கரண்டியால் தட்டுவான். பெரும்பாலும் ஓடும்.

தீவின் கோடியில் ஒரு கலங்கரை விளக்கம். அதன் கதவருகே போய் போஸ்ட்மேன் கையை நீட்டுவான். அப்படியே நின்றுவிடுவான். ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்தக் கதவு முன்னால் போனது. மீன் முள்ளைத் தேய்த்தோம், மணியைத் தேய்த்தோம், ஆட்டையே இழுத்து வந்து தேய்க்கப் பார்த்தோம். எதைச் செய்தாலும் கை நீட்டியது நீட்டியபடி. என்ன அபாரமான புதிர் என்று வியந்துபோனோம். சிடியில் கீறல் இருந்தது, அதனால் கம்ப்யூட்டர் நின்றுபோனது என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அந்தக் கீறலை நினைத்தால் எனக்கு மரியாதை கலந்த ஓர் எரிச்சல் வரும்.

அப்புறம் படிப்பு, வேலை. நான் திருப்பதிக்கு வந்தேன். முனிரத்தினம் நகரியிலேயே அவன் நைனாவின் பவர்லூம் ஷெட்டைப் பார்த்துக்கொண்டான். ஒருநாள் அந்த ஷெட்டின் இரைச்சலுக்கு நடுவிலிருந்து போன் செய்தான். அந்தப் பழைய தீவு கேமை அதே ஆட்கள் புதிதாக எடுக்கப் போகிறார்கள், உலகம் முழுக்க ரசிகர்களிடம் வசூல் செய்கிறார்கள் என்றான். சொன்ன நாளுக்குள் தொகை சேராவிட்டால் எல்லாம் ரத்து. நாங்களும் எங்களால் ஆனதைப் போட்டோம். கடைசி நாள் வந்தும் தொகை சேரவில்லை. முனிரத்தினம் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, கேம் முழுசாக வெளியே வந்தால் முடி கொடுக்கிறேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டான். நான் உஷார். ஒரு தேங்காயோடு நிறுத்திக்கொண்டேன்.

தொகை சேர்ந்துவிட்டது. அடுத்த தீபாவளிக்குள் கேம் வந்துவிடும் என்று அறிவித்தார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். முடி வேண்டிக்கொண்டுவிட்டால் அது பெருமாளுடைய முடி. காரியம் முடிந்து மலையில் இறக்குகிற வரை கத்தி படக்கூடாது, தாடி உள்பட. தீபாவளி வந்தது, கேம் வரவில்லை. கடல் அலை இன்னும் சரியாக வரவில்லை என்று மெயில் வந்தது. அடுத்த தீபாவளிக்கு ஆட்டின் ரோமத்தை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்துகொண்டிருக்கிறோம் என்று மெயில் வந்தது. அங்கே ஆட்டுக்கு ரோமம் வளர வளர, இங்கே முனிரத்தினத்துக்குத் தோளைத் தாண்டிவிட்டது.

அவன் நைனாவுக்கு இந்த ஏற்பாடு கடைசிவரை பிடிபடவில்லை. பிள்ளையார் சவிதிக்கு ரோட்டில் கயிறு கட்டி வண்டியை மறித்துச் சந்தா வாங்குகிறோமே, அதுபோலத்தான் என்று நான் விளக்கினேன்.

“சந்தா வாங்கினு புள்ளையாரை வெக்கலன்னா நம்ம ஊர்ல உடுவாங்களா?” என்றார் அவர். பிறகு மகன் பக்கம் திரும்பினார். “டேய், முடி தறியில மாட்டிக்கினா தலையே பூடும். நாளைக்கே போயி எறக்கிக்கினு வா.”

“கேமு வந்தாத்தான் நைனா எறக்கணும். சாமிகிட்ட சொல்லிக்கீறன்.”

பெருமாள் பெயர் வந்ததும் நைனா தறிப் பக்கம் போய்விட்டார். அவன் அம்மா தன்னுடைய ரிப்பனை எடுத்து அவன் கொண்டையில் கட்டிவிட்டார்.

முதலில் ஊர் வேறு என்னென்னவோ நினைத்தது. வேலைக்கு என்றார்கள், விசாவுக்கு என்றார்கள். விஷயம் தெரிந்த பிறகு அந்த வெளிநாட்டு கேமுக்காக ஊரே காத்திருக்க ஆரம்பித்துவிட்டது. டீக்கடையில் கிளாஸை வைக்கும்போதே “இன்னா ரத்தினம், வந்திச்சா?” என்பார்கள். புத்தூர் பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி “இங்கா ராலேதா சுவாமி?” என்று, இன்னும் வரவில்லையா என்று தெலுங்கில் கேட்பார். கம்ப்யூட்டரையே தொட்டறியாத கிழவிகள் பாவம் என்று அவன் தாடியைத் தடவிக்கொடுப்பார்கள். நான் ஊருக்குப் போனால் எனக்குத் தனி நாற்காலி. வந்த மெயிலை டீக்கடையில் தமிழில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. என் இங்கிலீஷ் அரைகுறை. தெரியாத இடத்தில் நானே கொஞ்சம் கடலையும் காற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். யாரும் குறை சொன்னதில்லை. வாழ்க்கையில் என் பேச்சை அத்தனை பேர் வாய் திறந்து கேட்டது அப்போது மட்டும்தான்.

என்னைப் பார்க்க அவன் திருப்பதிக்கு வந்தால் இன்னொரு கூத்து. ரயிலடியில் ஒரு குடும்பமே சாமியார் என்று நினைத்து அவன் காலில் விழுந்தது. அவன் பதறிப்போய், பையில் இருந்த வேர்க்கடலையை ஆளுக்கொரு பிடி கொடுத்துவிட்டான். அவர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

சிரிப்பெல்லாம் பெண் பார்க்கிற வரைக்கும்தான். சத்தியவேட்டில் ஒரு வரன் அமைந்தது. பெண் பெயர் கவிதா. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. உதிரி பாகங்கள் நேரத்துக்கு வந்து சேராவிட்டால் அனுப்பினவர்களை விரட்டுவதுதான் அவள் உத்தியோகம். முனிரத்தினம் அவளைப் பார்த்த நிமிஷமே விழுந்துவிட்டான் என்பது அந்தத் தாடிக்குள்ளேயும் தெரிந்தது. பெண்ணின் மாமாதான் கேட்டார்.

“முடி எதுக்கு நேந்துக்கினு கீறாரு மாப்ள?”

“வெளிநாட்ல ஒரு வேலை முடியணும்” என்றார் நைனா. பொய் என்று சொல்ல முடியாது.

“எப்ப முடியும்?”

நைனா என்னைப் பார்த்தார். நான் தட்டில் இருந்த மிக்சரைப் பார்த்தேன். வேண்டுதல் பாக்கி வைத்துக்கொண்டு தாலி கட்டக்கூடாது, முடியை இறக்கிவிட்டு வந்தால் முகூர்த்தம் பார்க்கலாம் என்று மாமா சொல்லிவிட்டார். அத்தோடு வேறு வரன்களும் பார்க்கிறோம் என்று காதில் போட்டு வைத்தார். முனிரத்தினத்தின் முகம் வாடியதை நான் அன்றுதான் பார்த்தேன். எங்கேயோ குளிர்நாட்டில் ஒருவர் ஆட்டுக்கு ரோமம் வரைந்து முடிக்காததால் இங்கே என் நண்பனின் கல்யாணம் நின்றுவிடும்போல இருந்தது. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

மாடிப்படிக்குக் கீழே கவிதா அவனிடம் நேராகவே கேட்டாள். அவன் உள்ளதைச் சொல்லிவிட்டான். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அவங்களுக்கு மெயில் போட்டீங்களா?”

“இல்ல. அவங்கதான் நமக்குப் போட்டுக்கினு கீறாங்க.”

“நில்லுங்க. அப்பிடி வெளிச்சத்துல.” போனில் அவனை ஒரு படம் எடுத்துக்கொண்டாள். “நான் போடறேன்.”

போட்டாள். வராத போல்ட்டுக்கும் நட்டுக்கும் எப்படி எழுதுவாளோ அப்படியே எழுதியிருந்தாள். தங்கள் பொருள் வந்து சேராத காரணத்தால் எங்கள் திருமணம் தடைபட்டுள்ளது, இணைத்துள்ள படத்தைப் பார்க்கவும், எங்கள் ஊரில் அனைவரும் தினமும் வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள், அனுப்பும் தேதியை உறுதி செய்யவும். பெருமாளைப் பற்றியும் முடியைப் பற்றியும் கீழே ஒரு சின்னக் குறிப்பு. மறுநாளே பதில். அந்தப் படத்தை ஆபீஸ் சுவரில் ஒட்டிவிட்டார்களாம், அதற்கு எதிரே உட்கார்ந்து யாராலும் நிம்மதியாகக் காபி குடிக்க முடியவில்லையாம்.

வேலை வேகமெடுத்தது. ஆனால் முதலில் வந்தது பாதி கேம். கதவுக்கு முன்னால் வரைக்கும்தான், மிச்சம் பிறகு. இப்போது சிக்கல் இன்னும் பெரிதாகிவிட்டது. கேம் வந்ததாகக் கணக்கா, இல்லையா? டீக்கடை இரண்டாகப் பிரிந்து வாதாடியது.

“பாதி வந்தா பாதி மொட்டை போட்டுக்க. இந்தப் பக்கம் எறக்கு, அந்தப் பக்கம் உடு” என்றார் நைனா. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அவன் அம்மாதான் வழி சொன்னார். பெண்கள் முழு மொட்டை வேண்டாம் என்றால் மூன்று கத்தரி கொடுப்பார்கள், நுனி முடியை மூன்று தரம் கத்தரித்து எடுப்பார்கள். பாதி கேமுக்கு அது போதும் என்றார். மலையில் முடி இறக்கும் கல்யாணகட்டாவில் போய் உட்கார்ந்து இவன் மூன்று கத்தரி கேட்க, முடி இறக்குகிறவர் “அதி ஆடவாள்ளகி” என்று, பெண்களுக்கு உண்டானது அது என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். பாதி வந்திருக்கிற ஒரு கேமைப் பற்றி நான் அவருக்குத் தெலுங்கில் விளக்கினேன். பின்னால் வரிசை நீண்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மூன்று தரம் கத்தரித்து அனுப்பினார்.

மாங்காய் காய்க்கிற பருவத்தில் ஒருநாள் முழு கேமும் வந்தது. வேன் வைத்துக்கொண்டு மலைக்குப் போனோம். முடி இறங்கியதும் முனிரத்தினத்துக்கு இவ்வளவு பெரிய காதுகளா என்று அவன் அம்மாவே அதிசயப்பட்டார். சந்தனம் காயும் முன்னே கவிதாவுக்கு வீடியோ கால் போட்டான். அவள் உற்றுப் பார்த்து, “இவரையா நாங்க அன்னைக்குப் பார்த்தோம்?” என்றாள். மாமா அதே வாரத்தில் முகூர்த்தம் குறித்தார். துளிர்விட்ட தலையில் தலைப்பாகையோடு தாலி கட்டினான்.

பாதியில் தொடக்கூடாது என்று வைத்திருந்த கேமைக் கல்யாணத்துக்கு மறுநாள்தான் திறந்தோம். தறிகளை நிறுத்திவிட்டார் நைனா. அந்த ஷெட் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. லேப்டாப்பைச் சுற்றித் தெருவே நின்றது. போஸ்ட்மேன் தீவில் இறங்கி, மணியை எடுத்து, ஆட்டைத் தாண்டிக் கதவருகே போனான். கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். பழைய கேமில் இல்லாத ஆள். தோளுக்குக் கீழே முடி, மார்பு வரை தாடி, தலையில் கொண்டை, கொண்டையில் ரிப்பன்.

“டேய், இது நீடா” என்றார் நைனா.

கவிதா சுட்டியை நகர்த்தி அந்த ஆள்மேல் அழுத்தினாள். அவன் தலையைத் தூக்கி, வந்துவிட்டதா என்று இங்கிலீஷில் கேட்டான். யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஷெட்டே சேர்ந்து, “வந்திச்சு, வந்திச்சு” என்றது.

கதவு திறந்தது. உள்ளே படிக்கட்டு, மேலே ஒரு விளக்கு. அதை ஏற்றினால் கதை முடிந்தது. சாயங்காலக் காபிக்கு முன்னால் எல்லாம் முடிந்து தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டன.

இப்போது உரக்கடை மாடியில் பிரியாணிக் கடை. கண்டக்டர் ரிடையராகிவிட்டார். நான் ஊருக்குப் போனால் டீக்கடையில் நின்றுகொண்டே குடித்துவிட்டு வருகிறேன், தனி நாற்காலி கிடையாது. முனிரத்தினத்திடம் குழந்தை பற்றிக் கேட்கிறார்கள், நூல் விலை பற்றிக் கேட்கிறார்கள். வந்திச்சா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

போன வாரம் அந்த மெயில் வந்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கி அவனுக்குப் போன் செய்தேன்.

“ரெண்டாவது பாகம் எடுக்கறாங்களாம். மெயில் பாத்தியா?”

“பாத்தன்.”

“இன்னொரு தபா நேந்துக்கலாமாடா?”

தறிச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினான். “வேண்டிக்க தலையில இன்னாடா கீது? மொட்டைக்கு அப்புறம் வந்ததே அரைகுறை. இப்போ முன்னாடி வழுக்கை, பின்னாடி நாலு முடி. அதைப் போயி பெருமாளுக்குக் குடுத்தா அவரே சிரிப்பாரு. நீ அந்தக் கதவாண்ட கீறவனைக் கேளு. அவனுக்குத்தான் முடி கீது.”

வீட்டுக்கு வந்து கேமைத் திறந்தேன். அவன் அங்கேயே, அதே கொண்டையும் ரிப்பனுமாகக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அழுத்தினேன். தலையைத் தூக்கி, வந்துவிட்டதா என்று கேட்டான்.

“இன்னும் வரலடா ரத்தினம்” என்றேன்.