என் கோயிலை அவள் சுற்றிக் காட்டிய நாள்

வௌவால் மணம்...

மட்டக்களப்புக் கோட்டைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். பழைய கடதாசி, ஈரச்சுவர், வாவிக் காற்று எல்லாம் அதற்குப் பிறகு. அந்த மணம் வரும்போதெல்லாம் எனக்குத் தவராணி மேல் பொறாமையும் சேர்ந்து வரும்.

நாட்டில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தோம். நிவாரண வேலைக்கு வந்திருந்த சில வெள்ளைக்காரருக்குக் கோட்டை நூதனசாலையையும் புளியந்தீவுப் பெரிய கோயிலையும் சுற்றிக் காட்ட, இங்கிலிஷ் பேசுகிற ஒரு பிள்ளை வேண்டுமென்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். டீச்சர் தவராணியைத் தெரிவு செய்தார்.

சொல்லுங்கள், இது நியாயமா?

அது என் கோயில். எனக்கு ஞானஸ்நானம் தந்த கோயில். முதல் நன்மை வாங்கியதும் அங்கேதான். தவராணியோ ஆரையம்பதியிலிருந்து பஸ் ஏறி வருகிற சைவப் பிள்ளை. மாதா கோயிலுக்குள் ஒரு நாளும் கால் வைத்தவளில்லை.

"உனக்கு கிராமர் சரி. ஆனா வாய் திறக்கவே அரை நாள் எடுக்கிறாய், புள்ள. நீ அவளுக்குத் துணையாப் போ" என்றார் டீச்சர்.

துணை! கலியாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் பூத்தட்டோடு நிற்பாளே ஒருத்தி, அந்த வேலை எனக்கு. ஒரு கிழமையாக நான் தவராணியோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவளுக்கு அது விளங்கவே இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

அந்த நாள் காலையில் அவளைக் காணவில்லை. கல்லடிப் பாலத்து செக்பொயின்டில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, எல்லாரையும் இறக்கிச் சோதிக்கிறார்கள் என்றார்கள். வேறு நாளென்றால் நெஞ்சு பதறியிருக்கும். அன்று நான் மாதாவிடம் கேட்டது இதுதான்... "அவளுக்கு ஒண்டும் ஆகக்கூடாது தாயே. ஆனா கொஞ்சம் பிந்தட்டும்."

மாதா கொஞ்சம்தான் தந்தார்.

வேறு வழியில்லாமல் டீச்சர் என்னைத் தொடங்கச் சொன்னார். ஒல்லாந்தர் காலத்துக் கோப்பை, துருப்பிடித்த வாள், செப்புக் காசு... திக்கித் திக்கிச் சொன்னேன். கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் தலையை ஆட்டிக் கேட்டார். உலகத்தையே எனக்கு எழுதித் தந்தது போலிருந்தது. ஏட்டுச்சுவடிக்கு வந்தபோது, வியர்த்து விறுவிறுத்து, சட்டை கசங்க ஓடி வந்து நின்றாள் தவராணி.

"அப்பாடா. இனி நீ பார், தவராணி" என்றார் டீச்சர்.

நான் ஏட்டுச்சுவடியைப் பற்றிப் பாதி வசனத்தில் நின்றேன். மீதியை யாரும் கேட்கவில்லை.

பிறகு கோயிலுக்கு நடந்தோம். டீச்சர் பங்குச் சுவாமியைக் கூப்பிட உள்ளே போனார். அந்த இடைவெளியில் தவராணி செய்த வேலையைக் கேளுங்கள். எல்லாரையும் சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். வாசலுக்குள் போகாமல் இடப்பக்கம் திரும்பி, கோயிலை வெளியால் சுற்றத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த முறை அதுதான்... கோயிலென்றால் முதலில் வலம் வரவேண்டும். வெள்ளைக்காரரும் இதுதான் வழக்கமாக்கும் என்று சுடுமணலில் குதித்துக் குதித்துப் பின்னால் போனார்கள்.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவாமி வரட்டும், இவள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று உள்ளுக்குள் இனித்தது.

பின்பக்கம் திரும்பியதும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். உன்னிச்சைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அங்கே தகரக் கொட்டிலில் இருந்தன. மதில் முழுக்கப் பிள்ளைகளின் உடுப்புக் காய்ந்தது. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிற நான், அவர்கள் அங்கே இருப்பது தெரிந்தும் அந்தப் பக்கம் போனதில்லை.

சோறு வடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்து தவராணியின் கையைப் பிடித்தார்.

"எங்கட வட்டையில நெல்லு விளைஞ்சு நிக்குது, மகள். வெட்டப் போக விடுவாங்களா எண்டு இவங்களிட்டக் கேளு."

தவராணி கேட்டாள்.

"இவங்களுக்கும் தெரியாதாம், அக்கா" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, அவள் அந்த அடுப்படியிலேயே அவர் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

சுவாமி வந்தார். ஏசுவார் என்று பார்த்தால், "நல்ல வழியாலதான் கூட்டி வந்திருக்கிறாய், பிள்ளை" என்றார். கண்ணாடிக்காரப் பெண் அவளைக் கட்டிப்பிடித்தார். உள்ளே போன பிறகு பீடம், சுரூபம், நிறக்கண்ணாடிச் சன்னல் என்று ஒவ்வொன்றாக நான் அவள் காதில் சொல்ல, அவள் இங்கிலிஷில் சொன்னாள். யார் கேட்டார்கள்? எல்லாருடைய நினைப்பும் பின்பக்கத்திலேயே இருந்தது.

எனக்கு அழுகை வந்தது. இரக்கத்தில் என்று நினைத்து டீச்சர் முதுகைத் தடவினார். இரக்கமா... சுத்தப் பொறாமை.

இப்போது பாலத்தில் யாரும் மறிப்பதில்லை. பாசிக்குடாவில் தங்குகிற வெளிநாட்டார் வாகனத்தில் வந்து இறங்கி, கோட்டையையும் கோயிலையும் ஃபோனில் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஏதாவது கேட்டால் சொல்ல எனக்கு இப்போது இங்கிலிஷ் தட்டாமல் வரும். கேட்பார்தான் இல்லை.

தவராணி ஜெர்மனியில். போன கிழமை வீடியோ கோலில் வந்தாள். ஏதோ ஒரு பழைய நகரமாம். காலையில் ஓவியக் கூடம், பின்னேரம் ஆயிரம் பேர் கொள்ளுகிற கோயில். காதில் ஒரு கருவி, அதில் வழிகாட்டி பேசுகிறாராம். கூரையைக் காட்டினாள்... காட்டி முடியவில்லை, அவ்வளவு உயரம். எனக்கு வயிறு எரிந்தது.

"நீ குடுத்து வச்சவள்கா" என்றேன்.

"என்னகா குடுத்து வச்சது... இஞ்ச எனக்கு ஒரு மனிசரைத் தெரியாது. நீ நினைச்ச நேரம் நம்மட கோயிலுக்குப் போய் இருக்கிறாய். சத்தியமா, உன்னை நினைச்சா எனக்குப் பொறாமையா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் நடுவில் நின்று அழுதாள்.

நம்மட கோயிலாம்!

அவளைவிட எனக்கு நன்றாக வருமென்று இத்தனை வருடமாக நான் நம்பியிருந்தது பொறாமை ஒன்றுதான். அதிலும் முந்திவிட்டாள்.