எல்லாப் பாட்டுக்கும் ஒரே கிட்டார்

என் மேக்கப் பெட்டியில் ஒரு தோல் துண்டு கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். பதப்படுத்திய ஆட்டுத்தோல், ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. பவுடரும் கொண்டை ஊசியும் போட்டு வைக்கிற பெட்டியில் இது எதற்கு என்று குழுவில் புதிதாகச் சேர்கிற பாடகிகள் கேட்பார்கள். பாயுடையது என்று சொல்வேன். எந்த பாய் என்று அடுத்த கேள்வி வரும். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அவர்கள்மேல் தப்பில்லை. பாய் மேடையை விட்டு இறங்கிய பிறகு வந்தவர்கள் அவர்கள்.

பாய் எங்கள் இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். பாட்டுக்கு அடியில் கனமாக ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்குமே, அதுதான் பேஸ். அது இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. நின்றுபோனால் மட்டும் பாடுகிறவளுக்குக் காலடியில் பலகையை உருவின மாதிரி இருக்கும். திண்டுக்கல்லைச் சுற்றி எங்கே விசேஷம் என்றாலும் நாங்கள் போவோம். எங்கள் குழு ஒரு பலசரக்குக் கடை. பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சாலையோரப் பந்தலில் முருகன் பாட்டு, மாதா கோயில் திருவிழாவில் மாதா பாட்டு, நிக்காஹ் வீட்டில் நபி புகழ், சேவுகம்பட்டிப் பக்கம் கோயில் கொடையில் குத்துப்பாட்டு. முதல் பாட்டு எப்போதும் அழைத்தவர்களின் சாமிக்கு. அதை முடித்த பிறகுதான் சினிமாப் பாட்டு. அதிலும் பெரியவர்களுக்குக் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு, இளவட்டங்களுக்குப் போன மாதம் வந்த பாட்டு.

இத்தனைக்கும் ஈடுகொடுக்க பாய் இரண்டு கிட்டார் வைத்திருந்தார். ஒன்றின் கழுத்தில் பித்தளைக் கோடுகள் பதித்திருக்கும். குத்துப்பாட்டுக்கு அது வெட்டு வெட்டென்று பேசும். இன்னொன்றில் கோடே கிடையாது. விரலை இழுத்தால் சத்தம் வழுக்கிக்கொண்டு போகும், மெல்லிசைக்கு அதுதான். பாட்டு மாறும்போது இவர் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவார். அதற்குள் கூட்டத்தில் விசில் கிளம்பிவிடும். இரண்டுக்கும் வயதாகி, கழுத்து வேறு வளைந்துவிட்டது. ஒருநாள் ஒத்திகையில் மாஸ்டர் சொல்லிவிட்டார். மாஸ்டர்தான் குழுவை நடத்துகிறவர், கீபோர்டும் அவரே.

"ரெண்டையும் தள்ளிவிட்டுட்டு ஒண்ணா வாங்குங்க பாய். எல்லாப் பாட்டுக்கும் அது பேசணும். இல்லன்னா நான் இடது கையாலயே கீபோர்டுல பேஸ் போட்டுக்கிறேன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பாய் சிரிக்கவில்லை. அவர் வீட்டில் எல்லோரும் தோல் பதனிடும் வேலை. அதிலிருந்து தப்பித்து, சலவைச் சட்டையும் அத்தரும் போட்டுக்கொண்டு மேடையேறியவர் இவர் ஒருத்தர்தான். இந்தக் கிட்டார் சரியாக அமையவில்லை என்றால் திரும்பிப் போவதற்குத் தோல் ஊறவைக்கும் அந்தச் சுண்ணாம்புத் தொட்டியைத் தவிர வேறு இடமில்லை என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் உயிரை வாங்கிவிட்டார். டெம்போவில் ஏறினால் கிட்டார் பேச்சு, டீக்கடையில் கிட்டார் பேச்சு. அஞ்சு கம்பி வைத்தது வாங்கலாமா? இன்னும் கீழே இறங்கும், ஆனால் தோளை முறிக்கும். உள்ளே பேட்டரி போடுகிற ரகம் வாங்கலாமா? சத்தம் பளிச்சென்று இருக்கும், ஆனால் முருகன் பாட்டு நடுவில் பேட்டரி செத்தால் பக்தர்கள் நம்மைச் சும்மா விடுவார்களா? கோடு இல்லாததையே வாங்கினால் குத்துப்பாட்டு சவசவவென்று போய்விடும். கோடு போட்டதை வாங்கினால் பழைய பாட்டில் அந்தக் காலத்து மொத்தைச் சத்தம் வராது. பொண்ணு பார்க்கிறவர்கூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டார் என்று தபேலாக்காரர் கிண்டல் பண்ணுவார். "பொண்ணு புடிக்கலைன்னா மாமியா வீட்டுக்கு அனுப்பிரலாம்ப்பா. இத எங்க அனுப்புறது?" என்பார் பாய்.

கடைசியில் மதுரையில் ஒரு கடைக்குப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். "நீ பாடுனாத்தான் தங்கச்சி எனக்குத் தெரியும். வெறுங்கிட்டார வாசிச்சுப் பாக்குறது வெஞ்சனம் இல்லாமச் சோறு திங்கிற மாதிரி." கடைக்காரர் முன்னால் பாட எனக்குக் கூச்சமாக இருந்தது. மெதுவாக முணுமுணுத்தேன். ஒவ்வொரு கிட்டாரிலும் அதே வரிசை: முருகன், மாதா, நபி புகழ், பிறகு ஒரு குத்து. கடைசியாக ஒன்றை எடுத்தார். நாலு கம்பி, கோடு போட்டது, பேட்டரி கிடையாது. குமிழைத் திருகினால் மென்மை, மறுபக்கம் திருகினால் வெட்டு. எல்லாவற்றுக்கும் அது வளைந்து கொடுத்தது. பழைய பாட்டுக்கு மட்டும் கம்பி அதிகமாக ரீங்கரித்தது. பாய் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த இந்தத் தோல் துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கம்பிகளுக்கு அடியில், அவை முடிகிற இடத்தில் செருகினார். 'சரக்' என்று ஒரு உரசல். பிறகு கம்பியைத் தட்டினார். ரீங்காரம் அடங்கி, அந்தக் காலத்து ரேடியோவிலிருந்து வருகிற மாதிரி உருண்டையாக ஒரு சத்தம் எழுந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் முணுமுணுப்பை விட்டுவிட்டு வாய்திறந்தே பாடினேன். கடைக்கு வந்தவர்கள் நின்று கேட்டார்கள்.

"எங்க அத்தாவோட தோல் வேல வேணாம்னுதான் தங்கச்சி ஓடுனேன். அதுவே வந்து காப்பாத்துது பாரு" என்று பஸ்ஸில் வரும்போது சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மேடையில் அந்தக் கிட்டார் ஒரு குறையும் வைக்கவில்லை. பழைய பாட்டு வந்தால் 'சரக்', ஒரு தலையாட்டல், நான் தொடங்குவேன். மாஸ்டருக்கே சந்தோஷம். பாடகர்கள் வீட்டில் பயிற்சி செய்ய உதவும், எல்லாப் பாட்டுக்கும் பேஸைப் பதிவு பண்ணி வைப்போம் என்றார். நாகல் நகரில் ஒரு அறை, சுவரில் மெத்தையைச் சாத்தியிருந்தார்கள். முன்பென்றால் இரண்டு கிட்டார், இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு என்று மாதக்கணக்கில் இழுத்திருக்கும். இப்போது ஒரே கிட்டார் என்பதால் மளமளவென்று முடிந்தது. போதும் பாய் என்று மாஸ்டர் சொன்னாலும் இவர் விடவில்லை. "இந்த எடம் செத்த தடுமாறுது. இன்னொரு வாட்டி எடுப்போம்." ஒரு பிசிறு இல்லாமல் அத்தனை பாட்டையும் வாசித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

அந்தப் பதிவு வீட்டுப் பயிற்சியோடு நிற்கவில்லை. முதலில் அவருக்குக் காய்ச்சல் வந்த ஒருநாள் மேடையில் லேப்டாப்பிலிருந்து ஓடியது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அதற்குப் பிறகு எல்லாக் கச்சேரியிலும் பதிவையே ஓடவிட்டார்கள். மாஸ்டர் ஆரம்பத்திலேயே இப்படித் திட்டமிட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவரும் வாய்ப்புகள் குறைந்து தவித்துக்கொண்டிருந்த மனுஷன்தான். ஆனாலும் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை.

பாயை உடனே அனுப்பவும் இல்லை. எங்கள் பக்கம் விழாக் கமிட்டிக்காரர்கள் மேடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். ஆள் குறைந்தால் ஏமாற்றுகிறாய் என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் பாதிக் கூலிக்கு பாய் கிட்டாரோடு நிற்க வேண்டும், ஆனால் ஒயரை எங்கும் சொருகக் கூடாது. அவர் நின்றார். வாசிக்கவும் செய்தார். ஸ்பீக்கர் பெட்டிகளில் அவருடைய பழைய வாசிப்பு இடிமாதிரி ஓட, அதே இடத்தில் அதே கம்பியை அவர் விரல் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அந்தச் செத்த கம்பிச் சத்தம் ஈ முனகுவதுபோலக் கேட்கும். "சும்மா கைய வச்சுக்கிட்டு நில்லுங்களேன் பாய், யாரு பாக்கப் போறா" என்று ஒரு கல்யாண வரவேற்பில் சொன்னேன். "நான் தப்பா வாசிச்சாலும் அங்க சரியா வருது தங்கச்சி. அதான் பயமா இருக்கு" என்றார். அன்றைக்கு வரவேற்பு முடிந்ததும் தோல் துண்டை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனவர், மறுபடி வரவில்லை.

பிறகு ஒருமுறை அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பச்சைத்தோல் வாடை வாசலுக்கே வந்தது. அவர்மேல் அத்தர் வாசனை இல்லை. விரல் நுனிகளை விரித்துக் காட்டினார். கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்திருந்த இடமெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீரில் உரிந்து, பச்சைக் குழந்தையின் விரல் மாதிரி சிவந்திருந்தது. கிட்டாரைக் கொடுத்துவிட்டாராம். யாருக்கென்று நானும் கேட்கவில்லை. மாஸ்டரிடம் பேசட்டுமா, ஒரு கச்சேரிக்காவது வாங்களேன் என்றேன்.

"எதுக்கும்மா? நான்தான் அங்க தெனமும் வாசிச்சுக்கிட்டு இருக்கேனே" என்றார். அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இப்போது அவர் நின்ற இடத்தில் புகை விடும் மெஷின் இருக்கிறது. நான் இன்னமும் அவர் வாசிப்பின்மேல்தான் பாடுகிறேன். பழைய பாட்டுக்கு முன்னால் பெட்டிகளில் 'சரக்' என்று அந்த உரசல் வரும். பதிவு செய்த அன்று அவர் தோலைச் செருகிய சத்தம். யாரும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. தலையாட்ட ஆள் இல்லாவிட்டாலும் அந்தச் சத்தம் கேட்டதும் தொடங்கிவிடுவேன்.

போன வாரம் மாதா கோயில் திருவிழாவில், புதிதாக வந்திருக்கும் சவுண்டுக்காரத் தம்பி என்னிடம் வந்தான். "அக்கா, அந்தப் பாட்டுக்கு முன்னாடி என்னமோ கரகரங்குதுல்ல, அத இன்னைக்கு எடுத்துட்டேன். இனி க்ளீனா இருக்கும்." நல்லது செய்த முகத்தோடு சொன்னான். நான் மைக்கை எடுத்துக்கொண்டு மேடையேறினேன். பழைய பாட்டு வந்தது. உரசலுக்காகக் காத்திருந்ததில் முதல் வரியைத் தவறவிட்டேன். பேஸ் எனக்காக நிற்காமல், பிசிறில்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து மேக்கப் பெட்டியைத் திறந்தேன். துண்டு அங்கேயே கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.