சிங்கம் குதித்த கிணறு

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நிந்தவூர்க் கடற்கரைக்குப் போனேன். என் கூட்டாளி சபீக்கின் காணியைப் பார்த்து இரண்டு மாதமாகியிருந்தது. அவன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். இங்கே அவனது காணிக்கு நான்தான் காவல். காவலின் இலட்சணத்தைக் கேளுங்கள். வேலி இல்லை, தென்னைகள் இல்லை, காணியே இல்லை. அலைகளுக்கு நடுவே ஒரு கிணறு மட்டும் நின்றது. கிணறென்றால் நிலத்துக்குள் இருப்பதுதானே? இது மண் முழுக்க அரிபட்டுப் போய், சீமெந்து வளையக் கொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிய, ஆளுயரத்துக்கு வெளியே நின்றது. கடல் அரிக்கிறது என்று ஊரே கதைக்கிறது, எனக்கும் தெரியும். ஆனாலும் அடுத்தவன் காணியோடு அது நின்றுவிடும் என்று ஏனோ நம்பியிருந்தேன்.

காலடியில் அறுந்த தென்னந்தும்புக் கயிறொன்று நனைந்து கிடந்தது. அந்த வாடை எனக்குச் சிங்கத்தின் வாடை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது எங்களுக்கு இருபது வயதிருக்கும். இளைஞர் கழகத்தில் பிள்ளைகளுக்காக ஒரு நாடகம் போட்டோம். சின்ன வகுப்பில் எல்லோரும் படித்த சிங்கமும் முயலும் கதைதான். பழக்கியவர் நிஸ்ரின் டீச்சர். பேக்கரியில் மாப்பிசைந்து தோள் திரண்டிருந்த சபீக் சிங்கம். என் உடம்புக்கு முயலைத் தவிர வேறெதுவும் பொருந்தாது என்று டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். சிங்கத்துக்குத் தும்பில் தோலும் பிடரிமயிரும். எனக்கு மருதமுனைச் சாரன் துணியில் கஞ்சி போட்ட காதுகள். காற்றடித்தால் இரண்டும் ஒரே பக்கம் சாயும்.

கிணறு மட்டும் நிஜம், இதே கிணறுதான். அப்போது கடல் எட்டத்தில் இருந்தது. மணல் தூர்ந்து, ஓராள் ஆழம் மட்டும் மிஞ்சியிருந்த அந்தப் பாழ்கிணற்றுக்குள் வைக்கோல் பரப்பி வைத்தோம். சபீக் உறுமிக்கொண்டு குதிப்பான். பிறகு இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்குவார்கள். ஒத்திகையில் ஒரு குறையும் இல்லை.

அன்றைக்குப் பிரதம அதிதி தாமதமாக வந்தார். வந்தவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நான் சிங்கத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிவரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சபீக் குதித்தான். கைதட்டலுக்குப் பதிலாக மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. எங்கள் ஊரில் அதற்குமேல் என்ன நாடகம்? தாய்மார் பிள்ளைகளை வாரிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள், ஆண்கள் பள்ளிவாசலுக்கு விரைந்தார்கள். நான் காதுகளைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். சிங்கத்தை மற்றவர் தூக்கியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம்.

முன் வரிசையில் நின்று தொழுதேன். தொழுகை முடிய ஸலாம் கொடுத்துத் திரும்பினால், தூக்க வேண்டிய இரண்டு பேரும் என் பக்கத்தில் இருக்கிறார்கள்.

"சபீக் எங்க மச்சான்?" என்று கேட்டேன்.

"நீ தூக்கல்லியா?"

பக்கக் கதவால் பாய்ந்து ஓடினோம். டோர்ச் அடித்துப் பார்த்தால் கிணற்றுக்குள் சிங்கத்தின் தோல் மட்டும் சுருண்டு கிடந்தது. ஆள் இல்லை. அடிமணல் இளகி ஆளை விழுங்கிவிட்டது என்றார் ஒருவர். உடனே எல்லோருக்கும் அதுதான் உண்மையாகிவிட்டது. உள்ளே இறங்கிக் கையால் தோண்டினோம். செய்தி கேட்டு அவனுடைய உம்மா ஓடி வந்தார். என் சட்டையைப் பிடித்து, "என்ட புள்ளய எங்கடா வெச்சிட்டு வந்தாய்?" என்று உலுக்கினார். கதையிலும் சிங்கத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிவந்தவன் நான்தானே. யாரோ மரணத்துக்குச் சொல்லும் "இன்னாலில்லாஹி"யைச் சொல்லவும் தொடங்கிவிட்டார்.

அப்போது பின்னாலிருந்து, "என்ன மச்சான் தோண்டுறீங்க?" என்று ஒரு குரல்.

சபீக். கழுவியும் முகத்தில் மஞ்சள் சாயம் முழுதாகப் போகவில்லை. பாங்கு கேட்டதும் தோலைக் கழற்றிச் சுருட்டி, அதன்மேல் ஏறி வெளியே வந்திருக்கிறான். தொழுகையின் கடைசி ரக்அத்தில் கடைசி வரிசையில் சேர்ந்தவன், விடுபட்டதைத் தொழுது முடித்து ஆறுதலாக நடந்து வந்தான். உம்மா அவனுக்கு ஓர் அறை விட்டார், பிறகு கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன்.

பல வருடம் கழித்து அவன் கட்டார் உழைப்பில் வாங்கியது அந்தக் காணியைத்தான். வேறு காணி பார் என்றேன். கேட்கவில்லை. வீடு கட்டி, முற்றத்தில் அந்தக் கிணற்றை வைத்துத் தன் பிள்ளைகளுக்கு நாடகத்தை நடித்துக் காட்டப் போவதாகச் சொன்னான். வருகிற மாதம் அத்திவாரம் வெட்ட லீவில் வர இருந்தான்.

கடலைப் பார்த்தபடி அவனுக்கு அழைத்தேன். நெடுநேரம் வேறெதையோ கதைத்தேன்.

"காணிக்குப் போனியா? கிணறு இரிக்கா?" என்று அவனே கேட்டான்.

"கிணறு இரிக்கி. காணி இல்ல மச்சான். கடல் எடுத்திட்டு."

அவன் மெல்லச் சிரித்தான்.

"அண்டைக்கும் கிணத்த எட்டிப் பாத்திட்டுத்தானே நான் மௌத்தாப் போயிட்டன் எண்டு சொன்னீங்க. நீ ஒருக்கா நல்லாத் தேடிப் பாரு."

"ஓம்" என்றேன். அவன் சொன்னதற்காகவே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீரில் அவன் காணி இருந்த இடத்தில் நின்று, நாலு பக்கமும் பார்த்தேன்.