யார் கொடுத்த அனுமதி

ஆந்திராவில் வடமாலபேட்டையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் கேள்வி கேட்டாலே கேஸ் போட்டதாக அர்த்தம். கூலிவேலை செய்யும் துலுக்காணம் கேட்டார். இவனுக்கு ஏன் இந்த வேலை என்று ஊரே முகம் சுளித்தது. அந்த முகங்களை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் மகள் யாமினி ஆறாம் வகுப்பு. ஏரியில் மண் அள்ளிய குழியில் மழைத்தண்ணீர் நின்றிருந்தது. ஆழம் தெரியாமல் இறங்கி மூழ்கிப்போனாள். ஆட்டை ஓட்டிவர அவளை அனுப்பியவள் தாய் மல்லிகா. "நாந்தான் கொன்னுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"உம்மேல தப்பில்லடி. தோண்டறதுக்கு எவன் பர்மிஷன் குடுத்தான்னு கண்டுபுடிக்கிறேன் பாரு" என்றார் துலுக்காணம்.

புத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்குத் தெலுங்கு எழுத வரும். தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதிக் கொடுத்தேன். பதில் வருமுன்னே மண் குத்தகைக்காரர் பாலசுந்தரம் துலுக்காணம் வீட்டுக்கு வந்துவிட்டார். வெளிப்படைத்தன்மை என்று சொல்லி, மனுவை அவருடைய விலாசம், செல் நம்பரோடு இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். அரசாங்கத்தை நன்றாகத்தான் திறந்து வைத்தார்கள்!

"ராஜியா போயிடு துலுக்காணம். எத்தினி நாளைக்கு இதையே புடிச்சிக்கினு இருப்ப?" என்றார் பாலசுந்தரம்.

"ராஜி வாணாங்க. பதில் வரட்டும்."

அதன்பின் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

அனுமதி ஆவணம் இணையத்திலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. என் செல்லில் திறந்தேன். கிராம சபைத் தீர்மானம். ஏரி மண்ணை அள்ள ஊரார் சம்மதிக்கிறார்கள் என்று தெலுங்கில் எழுதி, கீழே வரிசையாகத் தெலுங்குக் கையெழுத்துகள். நடுவே தமிழில் ஒன்று: துலுக்காணம்.

"அட்டெண்டன்சுன்னு சொன்னாங்களே. வெறும் பேப்பர்தான நீட்டுனாங்க?" என்றார் பக்கத்தில் நின்ற துலுக்காணம்.

எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம். கூட்டத்துக்கு வந்ததும் கையெழுத்து. மேலே விஷயத்தைப் பஞ்சாயத்துக்காரர்கள் பிறகு எழுதிக்கொள்வார்கள். பொய்த் தீர்மானம் என்று மேலே புகார் செய்யலாம் என்றேன். அவர் காதில் விழவில்லை.

செல்லை வாங்கிக்கொண்டு மல்லிகாவிடம் போனார். "உம்மேல தப்பில்ல. கையெழுத்து நான் போட்டுக்கீறேன்."

மல்லிகா அந்தத் தமிழ் எழுத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"அப்போ நாம ரெண்டு பேருமாத்தான்யா கொன்னுக்கீறோம்" என்றாள்.