மாப்பிள்ளைச் சவரம்

நாவிதர் அர்த்தனாரிக்குக் கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டார், கத்தியைத் தீட்டுவார். அன்று விடிந்ததிலிருந்து தோல்வாரில் சரக் சரக்கென்று தீட்டிக்கொண்டே இருந்தார். பின்னே என்ன? மலைமேல் எடப்புளி நாட்டு ஊர்களில் முப்பது வருஷமாக அவர் கை படாமல் ஒரு மாப்பிள்ளையும் தாலி கட்டியதில்லை. இன்றைக்குக் கட்டப் போகிறானாம், பட்டாளத்துக் குழந்தைசாமி!

பர்மாச் சண்டை முடிந்து, போன வருஷம்தான் அவன் உயிரோடு வந்து சேர்ந்தான். மகன் திரும்பினால் கல்யாணம் வரைக்கும் தாடி வளர்த்து, கத்தரி படாமல் கத்தியாலேயே எடுப்பதாக அவன் அம்மா பாவாயி சாமிக்கு நேர்ந்திருந்தாள். எட்டு மாதத் தாடி கழுத்தை மறைத்துக்கொண்டு நின்றது. விடிந்ததும் அதை எடுக்க வந்த அர்த்தனாரியிடம் அவன் பித்தளைச் சவர மெஷின் ஒன்றைக் காட்டினான்.

"இனிமே இதுதானுங்கண்ணா. சீமை பிளேடு. இதும் கத்திதானே? கீறவே கீறாது."

"சரி கண்ணு."

அவ்வளவுதான். எழுந்து வாசல் பலா மரத்தடிக்குப் போய்க் கத்தியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார். இவன் ஒருத்தன் ஆரம்பித்தால் நாளைக்கு நாடே மெஷின் வாங்கும். அப்புறம் நமக்கு இங்கே என்ன வேலை?

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "ஐயோ!" என்று சத்தம். ஒரு இழுப்புக்கு மெஷின் நிறைய முடி அடைத்துக்கொண்டது. கழுவினான், இழுத்தான், மறுபடியும் அடைத்தது. ஆத்திரத்தில் அழுத்தியதில் இருந்த ஒரே பிளேடும் பட்டென்று முறிந்தது. வேறு வேண்டுமென்றால் மலையிறங்கி நாமக்கல் போக வேண்டும். பெண்ணை அழைத்து வரும் அவள் வீட்டார் மேளமோ கீழ்மேட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

குழந்தைசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மரத்தடிக்கு வந்தான். "கோவிச்சுக்காதீங்கண்ணா."

துண்டை விலக்கிப் பார்த்தார். ஒரு கன்னம் ஆடு மேய்ந்த சாமைக் காடு! அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

வெந்நீரை ஊற்றித் தாடியை ஊறவைத்துப் பதமாகத் தேய்த்தார். மடக்குக் கத்தியை விரித்தார். அந்தக் கத்தியில் அடைக்க என்ன இருக்கிறது? வழித்த முடியைப் புறங்கையில் துடைத்துவிட்டு அடுத்த இழுப்பு. எங்கே எலும்பு, எங்கே பள்ளம் என்பதெல்லாம் விரலுக்கே தெரிந்தது. கன்னம் முடிந்து தொண்டைக்கு வந்தபோது கொர்ரென்று ஒரு சத்தம்.

மாப்பிள்ளை குறட்டை!

பாவாயி ஓடி வந்தாள். ஊர் திரும்பியதிலிருந்து இலை விழுந்தாலும் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிற பிள்ளை. கழுத்தில் கத்தியோடு இப்படித் தூங்குகிறானே! அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அர்த்தனாரி கையை உயர்த்தினார். வாசலுக்கு வந்த மேளம் நின்றது.

"ஏனுங்க, நேரமாகுதுங்க!" என்றார் பெண்ணின் அப்பா செல்லமுத்து.

"தூங்கட்டும் விடுங்கப்பா. நான் எங்க ஓடிப் போறேன்?" என்றாள் மணப்பெண் அத்தாயி. கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

குழந்தைசாமி கண் விழித்ததும் தொண்டையைத் தடவிப் பார்த்தான். வழுவழுவென்று இருந்தது.

"இப்படித் தூங்கி மூணு வருஷமாச்சுங்கண்ணா. வாராவாரம் புதன்கிழமை சவரத்துக்கு வருவீங்கல்ல?"

"வாரேன் கண்ணு" என்ற அர்த்தனாரி முகத்தைக் காட்டாமல் குனிந்து கத்தியைத் தீட்டத் தொடங்கினார். நிமிர்ந்தால், எதிரே செல்லமுத்து மார்பில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்கும் ஒரு இழுப்பு இழுத்துடுங்க. தாலி கட்டறப்ப எழுப்பினாப் போதும்."